மாமாவுக்கு வலிப்பு இல்லை

மாமாவுக்கு வலிப்பு கிடையாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ராயபுரத்தில் நாங்கள் இருந்த தெருவில் இன்னும் இரண்டு மூன்று பழைய ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள். "ஆங், கிரேன் ஓட்டிகினு இருந்தாரே, அந்த வலிப்புக்காரர்தானே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் பெயர் மறந்துவிட்டது, முகம் மறந்துவிட்டது, அவர் தூக்கி இறக்கிய சரக்கெல்லாம் மறந்துவிட்டது. இல்லாத வலிப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் என் அக்காள் புருஷன். எங்கள் அம்மா வீடு எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பம். அக்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்து உடம்பு தேறாமல் கிடந்தபோது, கூடமாட ஒத்தாசைக்கு என்று என்னை ராயபுரத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது கல்யாண வயசு. வாய் அந்த வயசுக்கு மேலேயே நீளம். மாமா துறைமுகத்தில் ஒரு கம்பெனியின் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, அதன் பெயரும் நமக்கு வேண்டாம். ஆள் வாட்டசாட்டமானவர். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். தெருவில் சண்டை வந்தால் அவர் வெளியே வந்து நின்றாலே பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசைக்கு முன்னால் சவரம் பண்ணிக்கொள்ளப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஒரு கன்னம் மழமழவென்று இருக்கிறது, இன்னொரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரை. கழுத்தில் கட்டிய துணி காற்றில் பறக்க ஓட்டமும் நடையுமாக வருகிறார். பின்னாலேயே கையில் கத்தியோடு சவரக்கடைக்காரர். "ஐயோ, வெட்ட வர்றாண்டா!" என்று தெருவில் ஒருத்தி கூவியே விட்டாள்.

"நான் இன்னா பண்ணேன் நைனா? ஒரு கீறல்கூட இல்லியே!" என்று அந்த ஆள் எங்கள் வாசலில் நின்று அழாத குறையாகக் கேட்டார். "உக்காந்துகினு இருந்தவரு திடீர்னு எழுந்து ஓடியாந்துட்டீங்களே!"

மாமா நேராக உள்ளே போய்த் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மார்பு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அக்கா பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கத்திக்குப் பயமில்லமே. நாற்காலில உக்கார வெச்சு, துணியக் கட்டி, மூஞ்சில சோப்பு போட்டுட்டான். இப்போ எழுந்து போவ முடியாதேன்னு ஒரு நெனப்பு வந்துட்சு. அவ்ளோதான். நெஞ்சு தடதடன்னு அட்ச்சுக்குது, மூச்சு கீழ எறங்க மாட்டேங்குது, வெரலெல்லாம் மரத்துப்போச்சு. இதோ செத்துட்டோம்னு நெனச்சேன்."

"இப்போ?"

"இப்போ ஒன்னியும் இல்ல. அதான் வெக்கமா கீது."

அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'அது' என்பார். "அது வந்துட்சு", "நேத்து அது வரல". எங்கிருந்து சட்டென்று எழுந்து போக முடியாதோ அங்கெல்லாம் அது வந்தது. கல்யாணப் பந்தியில் நடு வரிசையில் உட்கார்ந்தால் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் இலையை விட்டு எழுந்தால் கல்யாண வீட்டாரை அவமானப்படுத்தினது போல ஆகிவிடுமே, அந்த நினைப்பு போதும். கோயிலில் சாமியார் பிரசங்கம் பண்ணும்போது, நெருக்கியடித்த கூட்டத்தின் நடுவில் வரும். டிராமில் வரும். ரயிலில் வரும். எங்கள் அம்மா வீட்டுக்குப் போகும்போது அக்காவையும் பிள்ளைகளையும் என்னையும் ரயிலில் ஏற்றிவிட்டு, அவர் மட்டும் கடலோரமாகவே காலடிப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் தாண்டி எண்ணூர் வரைக்கும் நடந்தே வருவார். வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும், எங்கள் அப்பா முகம் சுண்டிப்போயிருக்கும். மாப்பிள்ளைக்கு நம்மோடு உட்கார்ந்து வரப் பிடிக்கவில்லை என்று அவர் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கிரேன் கூண்டில் மட்டும் அது வந்ததே இல்லை. ஏணியில் ஏறிப் போனால் மேலே ஓர் ஆள் உட்காரும் இரும்புக் கூண்டு. அதற்குள் போய் அடைந்துகொண்டால் மூச்சு முட்டாதா என்று நானே கேட்டிருக்கிறேன்.

"அங்க எல்லாம் என் கைல கீதுமே" என்றார். "தூக்குறதும் நான்தான், எறக்குறதும் நான்தான். என்னை எவனும் புட்ச்சு வெக்கல."

ஒரு தரம் கப்பலிலிருந்து எடுத்த பாரத்தின் சங்கிலி ஒரு பக்கம் நழுவிவிட்டது. அந்தரத்தில் பாரம் சாய்ந்து ஆடுகிறது, நேர் கீழே ஆட்கள் நிற்கிறார்கள். எல்லோரும் அலறியிருக்கிறார்கள். மாமா ஒரு வார்த்தை பேசாமல், அலுங்காமல் குலுங்காமல் அதைக் கடல் பக்கம் திருப்பித் தண்ணீருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஆட்கள் ஒதுங்கிய பிறகுதான் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினாராம். இதை எங்களுக்கு வந்து சொன்னவர் அடுத்த வீட்டுச் சின்னப்பண்ணன். அதே துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு மேஸ்திரி. மாமாவுக்குச் சின்ன வயசுத் தோஸ்து. இடுப்பில் கிடங்குச் சாவிக்கொத்து எப்போதும் தொங்கும், அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

"எனுக்கு வேட்டிலயே போயிட்ச்சு தங்கச்சி. இவன் இன்னாடான்னா பீடி பத்த வெச்சுகினு எறங்கி வர்றான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ராயபுரத்தில் அந்த மனிதருக்கு நிம்மதியாக மூச்சுவிட ஓர் இடம் இருந்ததென்றால் அது அந்தக் கூண்டு ஒன்றுதான். அது போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், சின்னப்பண்ணனுக்கும் தெரியும்.

சவரக்கடை விஷயம் வெளியே தெரிந்ததும் தெரு சும்மா இருக்குமா? வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது, "அப்டி இன்னாத்துக்குத்தான் பயம்?" அவருக்கே தெரிந்தால் சொல்லமாட்டாரா? அவர் சொல்லாததால் ஆளுக்கொரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். உச்சி வேளையில் கடலோரம் நடந்ததால் காற்று அடித்துவிட்டது என்றாள் ஒருத்தி. ரத்தத்தில் சூடு ஏறிவிட்டது என்று ஒருவர் விளக்கெண்ணெய் கொடுத்து மூன்று நாள் அவரை எழுந்து நடமாட முடியாமல் பண்ணினார். அக்கா சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய்த் தீர்த்தம் தெளித்துவந்தாள், அது போதாதென்று தர்காவில் ஒரு தாயத்து. சின்னப்பண்ணன் சாராயக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். குடித்த அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் கை நடுக்கத்தோடு அது முன்னைவிட மூர்க்கமாக வந்தது. போகும்போது எல்லோரும் தவறாமல் சொல்லிவிட்டுப் போனது, "மனச தைரியமா வெச்சுக்கணும்பா." இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். கால் ஒடிந்தவனிடம் போய், "காலை நேரா வெச்சு நட" என்று எவனாவது சொல்வானா? சங்கிலி நழுவிப் பாரம் ஆடும்போது ஆடாத ஆளுக்கு இவர்கள் தைரியம் சொல்லித்தர வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் அவரே உட்கார்ந்து யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. சாயங்காலம் வலை உலர்த்தும் மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. என்னிடம் சொன்னார்.

"டிராம வுட்டேன். ரயில வுட்டேன். கடைத்தெருவ வுட்டேன். இப்ப கோயிலயும் வுட்டாச்சு. நான் வுட வுட அது பெருசாயிகினே வருதுமே. இப்டியே போனா வூட்டு வாசப்படிதான் மிச்சம்."

"அதுக்கு இன்னா பண்ணலாம் மாமா?"

"வுட்டத்தையெல்லாம் திரும்பப் புடிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. நீ கூட வா. ஆனா ஒன்னு, என்னைத் தொடாத. பேசாத. பக்கத்துல நில்லு, போதும்."

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வெளியே சிலுவை மரத்தடியில் நின்று பூசை கேட்டோம். அதற்கடுத்த வாரங்களில் வாசற்படி. பிறகு கதவுக்கு உள்ளே, கடைசி பெஞ்சின் ஓரம். அது வராமல் இல்லை. வந்தது. வரும்போது அவர் ஓடவில்லை, அவ்வளவுதான். தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, சூடான கஞ்சியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக வெளியே விடுவார். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வருவார். "வந்துட்சு... ஏறுது... ஏறுது... நின்னுட்ச்சு... எறங்குது." வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாரமும் மேலயே நிக்காதுமே, எறங்கித்தான் ஆவணும். நடுவுல எவனாவது கை வெச்சாதான் பேஜாரு" என்பார். சவரக்கடைக்காரரோடும் ஓர் ஏற்பாடு பண்ணிக்கொண்டார். முதலில் கடைக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றபடி சவரம், துணி கட்டக் கூடாது, மாமா விரலைத் தூக்கினால் கத்தியை எடுத்துவிட வேண்டும். சில மாதம் போனதும் நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டு கன்னத்தையும் வழித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அக்கா பாயசம் வைத்தாள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் அது பண்டிகைதான்.

சின்னப்பண்ணனிடமும் அவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லி வைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "டேய், எங்கியாவது எனுக்கு அது வந்துதுன்னா என்னைத் தொடாத. பக்கத்துல சும்மா நில்லு. தானா போயிடும்" என்றார். "சரி மாமு, நீ சொல்லிட்ட இல்ல, தொடுவனா?" என்று அந்த மனுஷர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

மாதா கோயில் திருவிழாவில் தேர் எங்கள் தெருமுனை வழியாகத்தான் வரும். அந்த வருஷம் மாமா, "தேரோட கொஞ்ச தூரம் நடக்கறேன்" என்று தாமாகவே சொன்னார். பொழுது இன்னும் சாயவில்லை. பேண்டு வாத்தியம் ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம், முன்னும் பின்னும் ஜனம். பாதித் தெருவில் அது வந்தது. அவர் ஒன்றும் கலவரப்படவில்லை. மெதுவாக ஒதுங்கி ஒரு கடைச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தார். "ஏறுது" என்றார். நான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இறங்கியிருக்கும்.

கூட்டத்துக்குள்ளிருந்து சாவிச் சத்தம் கேட்டது. "ஐயோ, மாமு! மாமுவுக்கு வலிப்புடா! இரும்பு குடுங்கடா!"

இந்த இரும்பு விவகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. தெருவில் ஒருவன் சும்மா தடுக்கி விழுந்தால்கூட நாலு பேர் சாவியைத் தேடுவார்கள். சின்னப்பண்ணன் இடுப்பிலோ கிடங்கு முழுவதற்கும் சாவி. கேட்கவேண்டுமா! மாமாவை அப்படியே மல்லாக்கத் தரையில் சாய்த்துவிட்டார்கள். இரண்டு பேர் காலில் உட்கார்ந்துவிட்டார்கள். கையைப் பிரித்து, சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மூடி அமுக்கிப் பிடித்துக்கொண்டார் சின்னப்பண்ணன். ஒருத்தன் தன் செருப்பைக் கழற்றி அவர் மூக்கில் வைத்தான், கலீஜ் பிடித்த செருப்பு. 'எழுந்து போக முடியாது' என்ற நினைப்பே யாருக்கு நோயோ, அவரைப் பத்துப் பேர் சேர்ந்து எழுந்திருக்கவிடாமல் அமுக்கினார்கள். அவர் திமிறினார். திமிறத் திமிற, "பாரு, எப்டி இழுக்குது பாரு!" என்று இன்னும் அமுக்கினார்கள். சோடாக் கடைக்காரர் ஒரு கோலி சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார். மூச்சுக்குத் திறந்த வாயில் அதைக் கவிழ்த்துவிட்டார்.

"நுரை தள்ளுது! நுரை தள்ளுது!"

"அது சோடாடா பாவிங்களா!" என்று நான் கத்தினேன். எவன் காதில் விழுந்தது! ஒருத்தன் முதுகில் அடித்தேன், இன்னொருத்தன் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். "தங்கச்சி பயந்துட்சு, ஓரமா கூட்டிகினு போங்க" என்றார்கள். கடைசியில் அவர் தெம்பற்றுத் துவண்டு கிடந்தபோது, "பாத்தியா, இரும்பு கேட்டுட்சு" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் நான் நர்ஸ் வேலைக்குப் படித்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். வலிப்பையும் பார்த்திருக்கிறேன், மாமாவுக்கு வந்தது வேறு எத்தனையோ பேருக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். வலிப்பு வந்தவனுக்கு நினைவு போய்விடும், எழுந்த பிறகு ஒன்றும் தெரியாது. மாமாவுக்கு வந்ததில் நினைவு ஒன்றுதான் போகாது. ஒவ்வொரு கையும் எங்கே அழுத்தியது, செருப்பு யாருடையது, சோடாவில் எலுமிச்சை வாசம் அடித்தது எல்லாம் அவருக்குத் தெரியும். பதற்றம்தான் அந்த நோய். உடம்பு, இல்லாத ஆபத்தை இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓடத் தயாராகிவிடும். கிட்டே இருப்பவர் அமைதியாக இருந்து, மூச்சை மெல்ல விடச் சொல்லி, அது தணியும் வரைக்கும் துணையாக இருந்தால் போதும். டாக்டர்கள் இதை நோயாளிகளுக்குச் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கேட்கும்போது சந்தோஷம் வராது, வயிறு எரியும். இதைத்தானே அந்த மனிதர் தன் வாயாலேயே எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டார்?

திருவிழாவுக்கு மறுநாள் மாமா உடம்பு வலியால் படுத்திருந்தார். சின்னப்பண்ணன் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குத்தான் பாசம் பொங்குமே. யாரும் கேட்காமலே கம்பெனித் துரையிடம் போய், "சார், அவனுக்கு நேத்து வலிப்பு கண்ட்ருச்சு, ரெண்டு நாள் ரஜா குடுங்க" என்று கைகட்டிக் கேட்டிருக்கிறார். துரை ரஜா கொடுத்தார். கூடவே, வலிப்புள்ளவன் இனிமேல் கிரேனில் ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். மாமா அழவில்லை. "கூண்டும் போச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு எழுந்து போய், எனக்கு வலிப்பில்லை, விசாரிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

துரை நியாயமான ஆள்தான். கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். வலிப்பு வந்தால் கடிபடும் நாக்கில் தழும்பு இல்லை, இருதயத்தில் கோளாறு இல்லை, வலிப்பா இல்லையா என்பதை நேரில் பார்த்தவர்கள் சொல்வதைக் கொண்டுதான் முடிவு செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அப்போது நான் சின்னப்பண்ணன் வீட்டுக்குப் போய் அவர் காலிலேயே விழுந்தேன். "அண்ணே, வலிப்பு இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் சொல்லாதீங்க."

"நான் பாத்துக்கறேன் தங்கச்சி. தெருவையே கூட்டியாறேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தார். வெளுத்த வேட்டியும் எண்ணெய் தடவிய தலையுமாகப் பாதித் தெரு துறைமுகத்தில் கம்பெனி ஆபீஸ் வாசலில் நின்றது. துரை நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, கணக்கெழுதும் ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார். நினைவு தப்பிற்றா என்று முதல் கேள்வி.

"சுத்தமா தப்பிட்ச்சு சார்" என்றார் சோடாக் கடைக்காரர். "நான் சோடா ஊத்துனதுகூட அவருக்குத் தெரியல. நுரையா தள்ளுனாரு பாவம்."

"அந்த நுரை சோடா!" என்றேன்.

"ஏ பொண்ணு, உன்னைக் கேட்டாங்களா?" என்று ரைட்டர் அதட்டினார். என் பக்கத்தில் நின்ற கிழவர், "கம்முனு இரு, ஆம்பளைங்க பேசி முடிப்பாங்க" என்றார். முடித்தார்கள்.

கடைசியாகச் சின்னப்பண்ணன் முன்னால் வந்தார். என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்பது போலத் தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், இவன் தங்கமான ஆளு. வலிப்பு எப்பவாச்சும்தான் வரும். வந்தாலும் இரும்பு கைல குடுத்தா ஒடனே நின்னுடும், நானே குடுத்திருக்கேன். நீங்க யோசன பண்ணிப் பாருங்க சார். கிரேனு மொத்தமும் இரும்பு. உக்காருறது இரும்பு, புடிக்கறது இரும்பு. அங்க போயி இவனுக்கு எப்டி சார் வலிப்பு வரும்?"

தெருவே, "கரீட்டு, கரீட்டு" என்றது. ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை சிரிக்கவில்லை. எழுந்துவிட்டார்.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "சார், நீங்க நிக்கசொல்லோ நான் ஏறி ஒரு தூக்கு தூக்கிக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கரைக்கு நடந்தார். தன் தலையிலிருந்த தக்கைத் தொப்பியை எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு பெரிய சரக்குப் பெட்டியைக் காட்டி, அதைத் தூக்கித் தொப்பிக்கு மேல் இறக்கு, தொப்பி நசுங்கக் கூடாது என்றார். மாமா ஏணியில் ஏறினார். தெரு மொத்தமும் கீழே நின்றுகொண்டு, "பாத்து மாமு! மெதுவா மாமு!" என்று ஓயாமல் கத்தியது. மாதாவே, இவர்கள் வாயை அடைத்துவிடு என்று நான் வேண்டிக்கொண்டேன். மேலே கூண்டுக்குள் போனதும் அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் கீழேயிருந்தே பார்த்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் தோள் அது. பெட்டி எழும்பியது, திரும்பியது, இறங்கியது. தொப்பியின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. துரை குனிந்து பெட்டிக்கும் தொப்பிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார், விரல் போகவில்லை. தொப்பி நசுங்கவும் இல்லை. பெட்டியை விலக்கச் சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ரைட்டரிடம் ஏதோ சொன்னார்.

"நாளைலேர்ந்து கூண்டுக்கு வரச் சொல்றாரு!" என்றார் ரைட்டர்.

மாமா ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படிகளில் இருந்தபடியே என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். சின்னப்பண்ணன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இன்னும் நாலு பேர் காலைப் பிடித்தார்கள். "மாமுவுக்கு ஜே!" என்று தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள்.

"எறக்குங்கடா! எறக்கி வுடுங்கடா!" என்று அவர் கெஞ்சியது என் காதில் விழுந்தது. அடுத்த நிமிஷம் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கையும் காலும் உதறிக்கொண்டு வர, அவர்கள் பயந்து அவரைத் தரையில் போட்டு, போட்ட இடத்திலேயே அமுக்கினார்கள். "விடுங்கடா, கையை எடுங்கடா" என்று கத்திக்கொண்டே நான் கடித்தேன், கிள்ளினேன், சின்னப்பண்ணன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். ஆபீஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த துரை சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். என்ன என்று கேட்டார்.

"வலிப்புதான் சார், பயப்படாதீங்க. இப்போ சரியாயிடும்" என்று சின்னப்பண்ணனே சொன்னார்.

துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ரைட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாமா தரையில் கிடந்தபடியே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு தப்பவில்லை.

மறுநாளிலிருந்து கூண்டில் வேறு ஆள். மாமாவை வேலையை விட்டு நீக்கவில்லை, அந்தப் புண்ணியம் கம்பெனிக்கு. ஷிப்டு மாறும்போது ஆயிரம் பேர் முட்டி மோதிக்கொண்டு போகும் கேட்டில் காவலுக்கு நிற்கவைத்தார்கள். அவர் அங்கே எப்படி நின்றார், எத்தனை தரம் சுவரில் சாய்ந்து ஊதினார் என்பதெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லை. "ஆசைலதானே பண்ணாங்க, வுடு" என்பார். ஆசையாம். அந்த ஆசையில் இடி விழ.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே சின்னப்பண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அறைந்த கன்னம் இன்னும் சிவந்திருந்தது. கையில் இரண்டு கொடுவா மீன், கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். அக்கா மீனை வாங்கி வைத்தாள். உள்ளே போய் மாமாவைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, மனசார வருந்தி, என்னிடம் சொன்னார்:

"தப்பு எங்க மேலதான் தங்கச்சி. இன்னும் நாலு பேரு சேந்து கெட்டியா புட்ச்சிருக்கணும். வுட்டுட்டோம்."